நெருக்கடி தீரட்டும் என்று காத்திருப்பவர்களுக்கு

பாபநாசம் முதல் புன்னைக்காயல் வரை தாமிரபரணிக் கரை ஊர்களில் பீடியும் சிகரெட்டும் புகைத்துவரும் பெருமக்களுக்கும், அவர்கள் அதை விட்டுவிட வேண்டும் என்று ஏங்கும் வீட்டாருக்கும்,

புகைப்பழக்கத்தை விட வேண்டும் என்ற முடிவு பலரிடம் ஏற்கெனவே இருக்கிறது. அந்த முடிவோடு ஒரு தவணையும் ஒட்டிக்கொண்டே இருக்கிறது. மகள் கல்யாணம் முடியட்டும், கடன் அடையட்டும், அப்பாவின் ஆபரேஷன் நல்லபடியாக நடக்கட்டும், 'பொறவு விட்டுருதேன்' என்ற சொல் திருநெல்வேலிச் சீமையின் வீடுகளுக்குப் புதியதன்று. கேட்பவர்களுக்கு அது சாக்குப்போக்காகத் தோன்றினாலும், சொல்பவர் பெரும்பாலும் உண்மையாக நம்பியே சொல்கிறார்: இருக்கிற துன்பத்தில் கைக்கு எட்டும் ஆறுதல் பீடி ஒன்றுதான், அதையும் பிடுங்கிவிட்டால் மனம் தாங்காது என்பது அவருடைய கணக்கு. அந்தக் கணக்கில் ஒரு பிழை இருக்கிறது என்பதையும், புகையை விடும்போது வரும் வேதனையைத் தணிக்க மருந்து இருக்கிறது என்பதையும், அம்மருந்தை நெருக்கடி முடியும்வரை காத்திராமல் நெருக்கடிக்கு நடுவிலேயே தொடங்கலாம் என்பதையும் எடுத்துரைக்கவே இம்மடல் எழுதப்படுகிறது.

நெருக்கடி என்பது இந்த ஆற்றங்கரைக்கு வெறும் ஏட்டுச் சொல்லன்று. 2023 டிசம்பர் 17, 18 ஆகிய நாள்களின் பெருமழையில் காயல்பட்டினத்தில் மட்டும் 24 மணி நேரத்துக்குள் ஏறத்தாழ 95 சென்டிமீட்டர் பதிவாக, ஆறும் குளங்களும் உடைத்துக்கொண்டு திருநெல்வேலி சந்திப்புப் பகுதியையும் ஸ்ரீவைகுண்டம், ஏரல் வட்டாரங்களையும் மூழ்கடித்தபோது, வீடும் கடைச்சரக்கும் ஆடுமாடும் நெற்பயிரும் எத்தனையோ குடும்பங்களின் கையைவிட்டுப் போயின. மேலே மலையில், சிங்கம்பட்டி ஜமீனிடமிருந்து 1929இல் 99 ஆண்டுக் குத்தகைக்கு எடுக்கப்பட்ட காட்டில் தலைமுறை தலைமுறையாகத் தேயிலை பறித்துவந்த மாஞ்சோலை, காக்காச்சி, நாலுமுக்கு, ஊத்து, குதிரைவெட்டித் தொழிலாளர்கள், குத்தகை முடிய இன்னும் நான்கு ஆண்டுகள் இருக்கும்போதே 2024இல் விருப்ப ஓய்வின் பெயரால் வேலையை இழந்து, பிறந்து வளர்ந்த வீட்டை விட்டு இறங்க வேண்டிய நிலைக்கு ஆளானார்கள். இவை செய்தித்தாளில் வந்த துன்பங்கள். வாரத்துக்கு இருமுறை டயாலிசிஸுக்குப் போய்வரும் மனைவி, வளைகுடாவில் வேலை போய்த் திரும்பிய மகன், வட்டிக்கு வட்டி ஏறிக்கொண்டிருக்கும் கடன் என்று செய்தித்தாளில் வராதவை அதைவிடப் பல மடங்கு. இத்தகைய நேரங்களில் புகை கூடுவது மனித இயல்பு. 2001 செப்டம்பர் 11 தாக்குதலுக்கு ஐந்து முதல் எட்டு வாரங்களுக்குப் பின் நியூயார்க்கின் மன்ஹாட்டன் பகுதியில் 988 பேரிடம் எடுக்கப்பட்ட ஆய்வில், ஏறத்தாழ பத்தில் ஒருவர் புகைப்பதைக் கூட்டியிருந்தது தெரியவந்தது. ஆகவே வெள்ளத்துக்குப் பின் ஒரு கட்டு இரண்டு கட்டாகிப்போனவரை மனவலிமை இல்லாதவர் என்று ஏசுவதில் நியாயமும் இல்லை, பயனும் இல்லை.

கணக்கின் பிழை எங்கே என்பதை விளங்கிக்கொள்ள, நிகோடின் என்ற பொருள் செய்யும் வேலையைச் சற்று நெருங்கிப் பார்க்க வேண்டும். புகையிலைச் செடியில் இயற்கையாகவே உள்ள இந்த வேதிப்பொருள், புகையோடு நுரையீரலுக்குள் சென்ற சில நொடிகளிலேயே மூளையை எட்டி, அங்கே நரம்பணுக்களின் மேலுள்ள ஏற்பிகளில், அதாவது குறிப்பிட்ட வேதிப்பொருள்கள் வந்து அமர்வதற்கென்றே அமைந்த இடங்களில், அமர்ந்து, நிறைவுணர்வைத் தரும் டோபமின் என்ற சுரப்பை எழுப்புகிறது. ஆனால் இரத்தத்தில் அதன் அளவு இரண்டு மணி நேரத்துக்குள் ஏறக்குறையப் பாதியாக இறங்கிவிடுவதால், பழகிப்போன மூளை அந்த இறக்கத்தையே ஒரு துன்பமாக உணரத் தொடங்குகிறது: காரணமில்லாத எரிச்சல், படபடப்பு, ஒரு வேலையிலும் மனம் நிலைக்காமை, உறக்கமின்மை, ஏக்கம். இவற்றை மருத்துவர்கள் விலகல் அறிகுறிகள் என்பார்கள். அடுத்த பீடி பற்றவைக்கப்பட்டதும் இவை அடங்குகின்றன. அடங்கியதைப் பார்த்து, பீடி கவலையைத் தணித்தது என்று மனம் பதிவு செய்துகொள்கிறது. உண்மையில் அங்கே இரண்டு துன்பங்கள் இருந்தன. கடன்காரன் வாசலில் வந்து நின்றது ஒன்று. காலையில் குடித்த பீடியின் நிகோடின் இறங்கிப்போனது இன்னொன்று. பீடி தீர்த்தது இரண்டாவதை மட்டுமே, அதுவும் அந்த இரண்டாவது துன்பத்தைப் பிறப்பித்ததே பீடிதான். கடன்காரன் நின்ற இடத்திலேயே நிற்கிறான்.

விட்டவர்களின் மனநிலை என்னவாகிறது என்பதும் ஆராயப்பட்டிருக்கிறது. பிரிட்டிஷ் மெடிக்கல் ஜர்னல் 2014இல் வெளியிட்ட ஒரு தொகுப்பாய்வு, அதாவது முன்பு நடந்த 26 ஆய்வுகளின் முடிவுகளை ஒன்றுசேர்த்துக் கணக்கிட்ட ஆய்வு, புகையைத் தொடர்ந்தவர்களைவிட விட்டவர்களிடம் பதற்றமும் மனச்சோர்வும் மன அழுத்தமும் குறைந்திருந்ததையும், மனநலக் கோளாறு உள்ளவர்களிடமும் இதே போக்கு காணப்பட்டதையும் காட்டியது. இதை வைத்து, விட்ட மறுநாளே மனம் லேசாகிவிடும் என்று யாரேனும் வாக்களித்தால் நம்ப வேண்டாம். அந்த ஆய்வுகள் மனநிலையை அளந்தது குறைந்தது ஆறு வாரங்கள் கழிந்த பிறகே. முதல் வாரம் கடுமையானது. விலகல் அறிகுறிகள் அப்போதுதான் உச்சத்தில் இருக்கும், பிறகு மூன்று நான்கு வாரங்களில் படிப்படியாகத் தணியும். வாழ்க்கை அமைதியாக இருப்பவர் அந்த வாரங்களைப் பல்லைக் கடித்துக்கொண்டு தாண்டிவிடக்கூடும். வீட்டில் இழவோ இழப்போ நடந்திருப்பவரிடம் கடிக்கப் பல் மிச்சமில்லை. மருந்து தேவைப்படுவது இங்கேதான்: வெளித் துன்பத்தை எந்த மாத்திரையாலும் தீர்க்க முடியாது, ஆனால் அதன் மேல் வந்து ஏறும் விலகல் துன்பத்தை மாத்திரையால் பெருமளவு இறக்கிவைக்க முடியும்.

மருந்துகளைப் பற்றிப் பேசுமுன் இவ்வட்டாரத்தின் பீடியைப் பற்றிச் சில சொல்ல வேண்டும், ஏனென்றால் சிகரெட்டைவிடப் பீடி சாது என்ற எண்ணம் இன்னும் மறையவில்லை. 2001இல் வெளியான ஓர் ஆய்வு பீடித் தூளில் ஒரு கிராமுக்கு 21.2 மில்லிகிராம் நிகோடினும், வடிகட்டி வைத்த சிகரெட்டின் புகையிலையில் 16.3 மில்லிகிராமும் இருந்ததாகக் கண்டது. தூளின் எடை குறைவுதான். ஆனால் பீடி இலை காற்றை உட்புக விடாததால், அணையாமல் இருக்கச் சிகரெட்டைவிட அடிக்கடியும் ஆழமாகவும் இழுத்தாக வேண்டும், அந்த இழுப்பில் நிகோடினும் தாரும் கார்பன் மோனாக்சைடும் மிகுதியாக உள்ளே போகின்றன. சென்னையைச் சேர்ந்த ஆய்வாளர் வேந்தன் கஜலட்சுமியும் அவருடன் பணியாற்றியவர்களும் தமிழ்நாட்டில் இறந்துபோன 43,000 ஆண்களின் புகைப்பழக்கத்தை விசாரித்து, 35,000 பேரோடு ஒப்பிட்டு 2003இல் லான்செட் இதழில் வெளியிட்ட ஆய்வில், காசநோயால் இறக்கும் வாய்ப்பு புகைத்தவர்களுக்கு ஏறத்தாழ நான்கு மடங்காக இருந்தது. அது நம் மாநிலத்தின் ஊர்களிலும் நகரத்திலும் எடுக்கப்பட்ட கணக்கு; வேறு நாட்டு மனிதர்களுக்கு நேர்ந்ததென்று ஒதுக்கிவிட முடியாது.

இனி மருந்துகள். முதலாவது நிகோடின் மாற்றுச் சிகிச்சை: புகையில் உள்ள நச்சுகள் எதுவுமின்றி, நிகோடினை மட்டும் குறைந்த அளவில், மெதுவாக உடலுக்குக் கொடுத்து, வாரக்கணக்கில் படிப்படியாகக் குறைத்து நிறுத்தும் முறை. இது மெல்லும் பசையாகவும், தோலில் ஒட்டும் பட்டையாகவும் வருகிறது; உலக சுகாதார நிறுவனம் 2009இலேயே இதை அத்தியாவசிய மருந்துகளின் பட்டியலில் சேர்த்தது, இந்தியாவின் அத்தியாவசிய மருந்துப் பட்டியலில் 2022இல் இது இடம்பெற்றது. பசை பயனில்லை என்று இரண்டே நாளில் தூக்கி எறிந்தவர்கள் உண்டு. அவர்களில் பலரிடம் தவறியது மருந்து அன்று, மென்ற விதமே. அதைச் சூயிங்கம் போல விடாமல் மென்றால் நிகோடின் எச்சிலோடு வயிற்றுக்குள் போய்க் குமட்டலும் விக்கலும் தருமே தவிர, வேண்டிய வேலையைச் செய்யாது. நாக்கில் சுருக்கென்று காரம் தெரியும்வரை மெதுவாக மென்று, பிறகு கன்னத்துக்கும் ஈறுக்கும் நடுவே ஒதுக்கி வைத்து, காரம் போனதும் மறுபடி சில தடவை மென்று, மறுபடி ஒதுக்கி, இப்படி அரை மணி நேரம் வைத்திருக்க வேண்டும். டீக்கடை பெஞ்சில் பழகிய ஊர்க்காரர் தவறவிடக்கூடாத இன்னொன்று, மெல்வதற்குக் கால் மணி நேரம் முன்பிருந்தே டீ, காப்பி, சோடா, எலுமிச்சைச் சாறு எதுவும் வாயில் படக்கூடாது என்பது. அவை வாயில் புளிப்புத்தன்மையைக் கூட்டி நிகோடினை உறிஞ்சவிடாமல் தடுத்துவிடும். அளவையும் மருத்துவரிடம் கேட்டே முடிவு செய்ய வேண்டும். ஒரு நாளைக்கு எத்தனை என்பதைவிட, எழுந்து எவ்வளவு நேரத்தில் முதல் பீடி என்பதே அடிமைத்தனத்தின் ஆழத்தை நன்றாகக் காட்டும்; கண் விழித்த அரை மணிக்குள் பற்றவைப்பவருக்கு 2 மில்லிகிராம் பசை போதாமல், 4 மில்லிகிராமோ, பட்டையும் பசையும் சேர்ந்தோ தேவைப்படலாம்.

இரண்டாவது வரெனிக்ளின் என்ற மாத்திரை, இருப்பவற்றுள் தனி மருந்தாக மிகுந்த பலன் தருவது. மேலே சொன்ன ஏற்பிகளிலேயே இது போய் அமர்ந்துகொண்டு அவற்றைப் பாதியளவு மட்டும் தூண்டுகிறது. கன்னடியன் கால்வாயின் மதகுப் பலகையைப் பாதி தூக்கி அப்படியே இறுக்கி வைத்தால், வயலுக்குக் கொஞ்சம் தண்ணீர் ஓடிக்கொண்டே இருக்கும், ஆனால் மேலே எவ்வளவு நீர் வந்து முட்டினாலும் அதற்குமேல் பாயாது. அதுபோல இம்மாத்திரை ஏக்கத்தையும் தணிக்கிறது, இடையில் ஒரு பீடி குடித்தாலும் பழைய இன்பம் கிடைக்காமலும் செய்கிறது. விடும் நாளுக்கு ஒரு வாரம் முன்பே தொடங்கி, முதல் மூன்று நாள் அரை மில்லிகிராம் ஒரு வேளை, அடுத்த நான்கு நாள் அதையே இரு வேளை, எட்டாம் நாள் முதல் ஒரு மில்லிகிராம் இரு வேளை என்று 12 வாரம் கொடுப்பது வழக்கம். வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும். சாப்பிட்ட பின் ஒரு தம்ளர் நிறையத் தண்ணீரோடு போட வேண்டும். சிலருக்கு விசித்திரமான கனவுகள் வரும். சிறுநீரகம் பழுதானவர்களுக்கு அளவைக் குறைப்பார்கள். மூன்றாவதான புப்ரோப்பியான் மனச்சோர்வுக்கெனவும் கொடுக்கப்படும் மருந்து; வலிப்பு வந்தவர்களுக்கு ஆகாது, மிகுதியாகக் குடிப்பவர்கள் திடீரென்று குடியை நிறுத்தும் சமயத்தில் அதைத் தொடுவதும் ஆபத்து. இவை இரண்டும் மருத்துவர் சீட்டின்றி வாங்கிப் போடும் மருந்துகள் அல்ல. மின்சிகரெட்டை இவற்றின் வரிசையில் சேர்க்க வேண்டாம். இந்தியாவில் அதன் விற்பனை 2019 முதல் சட்டப்படி தடைசெய்யப்பட்டிருக்கிறது.

துன்பத்தில் இருப்பவரின் நெஞ்சில் இவ்விடத்தில் எழும் அச்சம் ஒன்றுண்டு: ஏற்கெனவே கலங்கிய மனத்தை இந்த மாத்திரை இன்னும் கலக்கிவிடாதா? அந்த அச்சத்துக்கு வரலாறு உண்டு. வரெனிக்ளின் போட்டவர்களில் சிலருக்கு மனக்கலக்கமும் தற்கொலை எண்ணமும் வந்ததாகப் புகார்கள் எழவே, அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2009இல் அதன் மருந்துக் குறிப்பில் கட்டம் கட்டிய எச்சரிக்கையை அச்சிடச் செய்தது. அதன்பின் அந்த ஐயத்தைத் தீர்ப்பதற்கென்றே 16 நாடுகளில் 8,144 பேரைக் கொண்டு, அவர்களுள் பாதிப்பேர் மனநலக் கோளாறு உடையவர்களாக இருக்கும்படி, பெரிய ஆய்வொன்று நடத்தப்பட்டு 2016இல் லான்செட்டில் வெளியாயிற்று. பட்டையோடும் மருந்தில்லாப் போலி மாத்திரையோடும் ஒப்பிடுகையில் வரெனிக்ளினாலோ புப்ரோப்பியானாலோ மனநலக் கேடு குறிப்பிடத்தக்க அளவில் கூடவில்லை. அதே ஆண்டு டிசம்பரில் அந்த எச்சரிக்கை நீக்கப்பட்டது. ஒன்பதாம் வாரம் முதல் 24ஆம் வாரம் வரை ஒன்றுகூடப் புகைக்காமல் இருந்தவர்கள் வரெனிக்ளின் போட்டவர்களில் 21.8 சதவீதம், புப்ரோப்பியானில் 16.2, பட்டையில் 15.7, போலி மாத்திரையில் 9.4. மருந்து போட்டவர்களிலும் ஐந்தில் நால்வர் அந்த முறை தோற்றார்கள் என்பதை மறைக்க வேண்டியதில்லை. மருந்தில்லாமல் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் தோற்றார்கள் என்பதையும் சேர்த்தே படிக்க வேண்டும். மனத்துயருக்கு ஏற்கெனவே மருந்து எடுப்பவர் அதை மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிட வேண்டும் என்பதும், மனம் வழக்கத்துக்கு மாறாக இருண்டால் காத்திராமல் போய்ப் பார்க்க வேண்டும் என்பதும் மாறாதவை.

மருத்துவ நூல்களில் எளிதில் காணக்கிடைக்காத ஒரு சிக்கல் இந்த ஆற்றங்கரையில் உண்டு. மேலப்பாளையம், பேட்டை, முக்கூடல், வீரவநல்லூர், ஆலங்குளம், கடையம் என்று விரியும் ஊர்களில் புகையை விட நினைப்பவரின் வீட்டுக்குள்ளேயே புகையிலை இருக்கிறது. மனைவியோ தாயோ மடியில் சுளகை வைத்துக்கொண்டு, நனைத்து வெட்டிய இலையில் தூளைப் பரப்பி, சுருட்டி, நூல் கட்டி, தலையை மடக்கிக்கொண்டிருக்க, அந்த நெடி நாள் முழுவதும் திண்ணையில் நிற்கிறது. விட்ட முதல் மாதத்தில் ஏக்கத்தைக் கிளப்புவதில் நெடிக்கு ஈடில்லை. அதைவிடக் கனமானது ஒரு குற்றவுணர்வு: எல்லாரும் பீடியை விட்டால் இந்தப் பெண்களின் கஞ்சிக்கு வழி என்ன? இந்தக் கேள்வியைத் தட்டிக்கழிப்பது அநியாயம். தமிழ்நாட்டில் பீடி சுற்றுவோரில் பெரும்பான்மையர் பெண்கள். ஆயிரம் பீடிக்கு இவ்வளவு என்ற கூலிக்கு உட்கார்ந்து கழுத்தும் முதுகும் தேய்ந்தவர்கள். தூளைக் கையாளுவதாலேயே நிகோடின் பீடி சுற்றுவோர் உடலிலும் ஏறுகிறது என்பது ஆய்வுகளில் அவர்களின் சிறுநீரிலேயே தெரிந்தது. இப்பெண்களுக்கு மாற்றுத் தொழிலும் ஓய்வூதியமும் தருவது அரசின் கடமை. அந்தக் கடமையை ஒரு நோயாளியின் நுரையீரல் சுமக்க வேண்டும் என்பது எந்தக் கணக்கிலும் சேராது. சுற்றுகிற பெண்ணே தன் புருஷன் விட வேண்டும் என்று முதலில் கேட்பவளாகவும் இருக்கிறாள். அவ்வீட்டில் செய்யக்கூடியவை சிறியவை, ஆனால் உதவுபவை: சுற்றுமிடத்தைக் காற்றோட்டமுள்ள பக்கத்துக்கு மாற்றுவது, தூள் டப்பாவை மூடியே வைப்பது, கடையில் கணக்குக் கொடுக்கும் வேலையை அந்த மூன்று மாதம் வேறொருவர் பார்ப்பது, கழிவுப் பீடி வீட்டில் தங்காமல் பார்த்துக்கொள்வது.

வீட்டார் அறிய வேண்டிய இன்னொன்று, மருத்துவரும் சில வேளை மறந்துவிடுவது. புகையிலுள்ள தாரின் சில பொருள்கள் கல்லீரலைத் தூண்டி, சில மருந்துகளை வேகமாக வெளியேற்றச் செய்கின்றன. புகை நின்றதும் அந்த வேகம் குறைவதால், அதே அளவு மருந்து இரத்தத்தில் கூடுதலாகத் தேங்கும். மூச்சிரைப்புக்காக டெரிபிலின் போன்ற தியோபிலின் மாத்திரை போடுபவர்களுக்கும், மனநோய்க்காக குளோசபின், ஒலான்சபின் எடுப்பவர்களுக்கும் அளவைத் திருத்த வேண்டியிருக்கும். டீயிலும் காப்பியிலும் உள்ள கஃபீனும் இப்படியே தேங்குகிறது. ஒரு நாளைக்கு ஆறு டீ குடித்துப் பழகியவர், புகையை விட்ட பிறகும் ஆறு டீயே குடித்தால், கை நடுக்கமும் படபடப்பும் உறக்கக்கேடும் வரும். அதை நரம்புத் தளர்ச்சி என்றோ மாத்திரையின் கேடு என்றோ எண்ணிச் சிகிச்சையையே நிறுத்திவிடுவார். டீயைப் பாதியாகக் குறைத்தாலே பெரும்பாலும் சரியாகிவிடும்.

எங்கே போவது என்பதற்கு விடை தொலைவில் இல்லை. பாளையங்கோட்டையில் ஹைகிரவுண்டு ஆஸ்பத்திரி என்று ஊர் அழைக்கும் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையின் மனநலப் பிரிவிலோ நெஞ்சக நோய்ப் பிரிவிலோ கேட்கலாம். மனநலப் பிரிவு என்ற பெயருக்குக் கூச்சப்பட்டுத் திரும்பியவர்கள் நெஞ்சக நோய்ப் பிரிவின் வழியாகவே போகட்டும். முக்கூடலில் பீடித் தொழிலாளர்களுக்கென்றே மத்திய அரசின் மருத்துவமனை இருக்கிறது. புகையிலையை விட உதவும் 1800-11-2356 என்ற கட்டணமில்லா எண்ணைத் தேடவும் வேண்டாம். 2018 செப்டம்பர் முதல் அது புகையிலைப் பொட்டலங்களின் மேலேயே எச்சரிக்கைப் படத்தோடு அச்சாகிறது. துக்கமோ பயமோ தாங்க முடியாமல் போகும் இரவுகளுக்கு 14416 என்ற டெலிமானஸ் மனநல உதவி எண் இருக்கிறது. 2021 முதல் மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் பிரஷருக்கும் சர்க்கரைக்கும் மாத்திரை கொண்டுவரும் பணியாளர் வாசலுக்கே வருகிறார். அவரிடம் புகையைப் பற்றியும் ஒரு வார்த்தை கேட்கலாம், அவரும் கேட்க வேண்டும். வெள்ள நிவாரண முகாமில் வயிற்றுப்போக்கு மாத்திரையோடு நிகோடின் பசையும் ஒரு பெட்டி இருந்திருந்தால் அது வீண்செலவாக இருந்திருக்காது என்பது இம்மடலின் உறுதியான கருத்து.

நாள் குறிப்பதில் மட்டும் ஒரு நிதானம் வேண்டும். சாவு விழுந்த வாரத்திலோ ஆபரேஷனுக்கு முந்திய நாளிலோ மன உளைச்சலின் உச்சியில் நாள் குறிக்கத் தேவையில்லை. பதினாறாம் நாள் காரியம் முடிந்த மறு வாரத்தில் குறிக்கலாம், ஆபரேஷன் என்றால் அறுவை மருத்துவரே எவ்வளவு முன்னதாக விட முடியுமோ அவ்வளவு நல்லது என்பார். சில நாள் தள்ளுவது வேறு, கடன் முழுவதும் அடையட்டும் என்று ஆண்டுகளைத் தள்ளுவது வேறு. உடனே முழுதாக விட முடியாது என்பவர் வரெனிக்ளினைத் தொடங்கி, 12 வாரத்துக்குள் புகையைப் படிப்படியாகக் குறைத்து நிறுத்தி, அதன் பிறகும் மாத்திரையை 12 வாரம் தொடரும் முறையும் உண்டு.

இடையில் ஒரு பீடி விழுந்துவிட்டால், வங்கியிலிருந்து நோட்டீஸ் வந்த அன்றோ, பட்டா அலுவலகத்தில் நான்காவது முறையாகத் திருப்பி அனுப்பப்பட்ட அன்றோ அப்படி விழக்கூடும், எல்லாம் போயிற்று என்று முழுக் கட்டையும் வாங்கிவிட வேண்டாம். மாத்திரையையும் நிறுத்திவிட வேண்டாம். பட்டை ஒட்டியிருப்பவர் அதைப் பிய்த்தெறியாமல் வைத்திருக்கலாம், மாத்திரை போடுபவர் அன்றிரவு சாப்பாட்டுக்குப் பின் வழக்கமான மாத்திரையைப் போட்டுக்கொள்ள வேண்டும். எந்த நேரத்தில், எதைக் கேட்டதும் கை தானாகப் பெட்டிக்கடைக்கு நீண்டது என்பதை அடுத்த முறை மருத்துவரிடம் அப்படியே சொன்னால், பசையின் அளவைக் கூட்டவோ நேரத்தை மாற்றவோ அவருக்கு அதுவே போதும். 12 வாரம் முடியும் நாள் வீட்டின் பெரிய காரியம் ஏதேனும் ஒன்றோடு மோதினால், இன்னும் 12 வாரம் நீட்டித்துத் தரும்படி கேட்கலாம். மருத்துவ நெறிகளில் அதற்கு இடமுண்டு.